பச்சை உடம்புக்கு முப்பது நாள்
மாத்தளைத் தாய்மாரின் பேறுகாலப் பராமரிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

கல்லூரியின் நூற்றாண்டு மலரில் பிரசவ விடுதியின் கதை எதற்கு என்று சகோதரிகள் சிலர் கேட்கக்கூடும். கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுத இம்மலரில் வேறு பலர் இருக்கின்றனர். பழைய மாணவியராகிய நம்மிற் பெரும்பாலானோர் இன்று தாய்மார், பலர் பாட்டிமார். வகுப்பறையை விட்டு வெளியேறிய பின் நம்மிற் பெரும்பாலோர் கடந்து வந்த இடம் ஒன்று உண்டென்றால் அது ஆஸ்பத்திரியின் பிரசவ விடுதிதான். ஆயினும் அதன் வரலாற்றை நாம் எழுதி வைத்ததில்லை.

பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்பது நம் வழக்கு. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்றும் சொல்வோம். பிறந்த குழந்தையைப் போலவே பெற்றவளும் சில நாட்களுக்குப் பிறர் கையில் இருக்க வேண்டியவள் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அந்த நாட்களில் மாத்தளை மாவட்டத்துத் தாயை யார் கவனித்தார்கள், எந்தச் சட்டத்தின் கீழ்க் கவனித்தார்கள், எந்த மொழியில் அவளோடு பேசினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வடக்கு வீதியின் முடிவில்

நம்மிற் பலருடைய பாட்டன் பூட்டிமார் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தவர்கள். வன்னிக் காட்டையும் வாந்திபேதியையும் தாண்டி வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசலாக இருந்தது இந்த நகரம். ஊரின் நடுவே முத்துமாரியம்மன் கோவில் கொண்டிருப்பதற்கும் அந்த நடைப்பயணத்துக்கும் உள்ள தொடர்பை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம்.

கோப்பிக் காலத்தில் அப்படி வந்தவர்களிற் பெரும்பாலானோர் ஆண்கள். அறுவடைக் காலத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். 1869 முதல் கோப்பி இலைகளில் நோய் பரவி அந்தப் பயிர் அழிந்தது. அதன் இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். அந்தக் கைகள் பெண்களுடையவை. இவ்வாறு குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன, பிள்ளைகளும் லயங்களிலேயே பிறந்தார்கள். பிரசவம் தோட்டத்தின் விவகாரமாக மாறியது இதன் பிறகுதான்.

ஆள்பதி கிரெகரியின் காலத்தில், 1872இல், தோட்டத் தொழிலாளருக்கான முதலாவது வைத்தியச் சட்டம் வந்தது. பெருந்தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. 1880இல் புகையிரதம் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் எல்கடுவையிலோ ரத்தோட்டைக்கு மேலே உள்ள மலைகளிலோ பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்குப் புகையிரதத்தாலும் பயனில்லை, வைத்திய மாவட்டத்தாலும் பயனில்லை. அவளுக்குத் துணை லயத்தில் இருந்த மருத்துவச்சிக் கிழவிதான். தலைமாட்டில் இரும்புத்துண்டு, வாசலில் வேப்பிலை, குடிக்கக் கொத்தமல்லித் தண்ணீர், அரைத்துக் கொடுக்கக் காயம். இவையே அவளுடைய ஆஸ்பத்திரி.

அந்தக் கிழவியரை இன்று பழிப்பது எளிது. எத்தனையோ பிள்ளைகளை அவர்கள் கையில் ஏந்தினார்கள் என்பது உண்மை. கழுவாத கையும் துருப்பிடித்த கத்தியும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின என்பதும் உண்மை. பிரசவம் பார்ப்பவர்கள் கையைக் கழுவினால் தாய்மார் சாவது குறையும் என்று வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் 1847இலேயே காட்டியிருந்தார். கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879இல் திறக்கப்பட்டு, அங்கே மருத்துவமாதர் பயிற்சியும் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வைத்தியர் கிறீன் பிரசவ வைத்தியத்தைத் தமிழிலேயே நூலாக்கித் தந்திருந்தார். இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை 1898இல் எழுந்தது. அறிவு இருந்தது. அது தமிழிலும் இருந்தது. மாத்தளை மலைகளுக்கு ஏறி வரத்தான் அதற்கு வெகுகாலம் ஆயிற்று.

1912 தந்த ஒரு மாதம்

நம் தாய்மாரின் வரலாற்றில் நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு 1912. அவ்வாண்டின் 9ஆம் இலக்க வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமீது ஒரு கடமையைச் சுமத்தியது. தோட்டத்தில் பிள்ளை பெறும் தொழிலாளிப் பெண்ணுக்குப் பிரசவத்தின் பின் ஒரு மாதத்துக்குப் போதிய உணவும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும். மாவட்ட வைத்திய அதிகாரி அவள் உடம்பு தேறிவிட்டதென்று முன்னதாகவே சான்று தந்தாலன்றி, அந்த மாதத்தில் அவளை வேலைக்கு அழைக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உரிய கவனிப்பும் போஷாக்கும் கிடைப்பதைப் பார்த்துக்கொள்வதும் துரையின் பொறுப்பாயிற்று.

வேலை செய்யும் தாய்க்குப் பிரசவ ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழில் மாநாடு வாஷிங்டனில் முடிவெடுத்தது 1919இல். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே லயத்துப் பெண்ணுக்கு ஒரு மாதம் எழுத்தில் கிடைத்துவிட்டது! ஆனால் அது பிறந்த காரணத்தையும் நாம் அறிய வேண்டும். இந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டி வருவது செலவான காரியம். வந்த பெண் சாகாமல் இருப்பதும், அவள் பிள்ளை உயிர் பிழைத்து நாளைய தொழிலாளியாவதும் தோட்டக் கணக்குக்கு இலாபம். சட்டம் உணவையும் இருப்பிடத்தையும் சொன்னது, சம்பளத்தைச் சொல்லவில்லை. செக்ரோலில் பேர் விழாத மாதத்தில் கடைக்கடன் ஏறும். ஆகவே பச்சை உடம்போடு தானாகவே பெரட்டுக்குப் போய் நின்றவர்கள் உண்டு. சட்டம் அவளை அழைக்க வேண்டாம் என்றது; பசி அவளை அழைத்தது.

1920களில் தோட்டங்களில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 200 பேர் முதலாம் பிறந்த நாளைக் காணவில்லை. 1923இல் இந்திய அரசாங்கத்தின் முகவர் கண்டியில் அமர்த்தப்பட்ட பின்னர் தோட்டங்களின் பிறப்பும் இறப்பும் ஆண்டுதோறும் அறிக்கையாகின. கேள்வி எழத் தொடங்கியதும் பெரிய தோட்டங்கள் சில பிரசவ அறை கட்டின. பயிற்சி பெற்ற மருத்துவமாதை வைத்தன. சிறிய தோட்டங்களில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரே டாக்டர் ஐயா.

மாத்தளையின் தோட்டங்கள் எல்லாம் தேயிலையல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் கொக்கோவும் இருந்தன. இறப்பர் மரத்தில் பால் வெட்ட விடியுமுன் போக வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரமும் அதுவே. தாய் மரத்துக்குப் போவாள், பிள்ளை பிள்ளைமடுவத்துக்குப் போகும். சேலைத் தொட்டிலில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆயம்மா. தாய்க்குக் கிடைத்த ஒரு மாதம் எவ்வளவு குறுகியது என்பதை அந்தத் தொட்டில்கள் அறியும்.

சட்டமும் மருத்துவமாதும்

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அடுத்த படி. பிரசவத்துக்குப் பின் நான்கு வாரங்களுக்கு ஒரு பெண்ணைத் தெரிந்துகொண்டே வேலைக்கு வைப்பது இப்போது குற்றமாயிற்று; ஓய்வுக் காலத்துக்குப் பணமும் உரித்தாயிற்று. தோட்டங்களுக்கு மட்டும் ஒரு தனி வழி விடப்பட்டது. பிரசவ விடுதியும் உணவும் தருகின்ற தோட்டம் முழுப் பணத்துக்குப் பதிலாக அவற்றையே ‘மாற்று நன்மை’யாகக் கணக்கிடலாம். லயத்துப் பெண்ணுக்கு மட்டும் காசுக்குப் பதில் கஞ்சி என்று இதைப் புரிந்துகொள்வதில் பெரிய பிழையில்லை.

இதே காலத்தில் நாட்டின் மற்றப் பகுதிகளில் வேறொரு மாற்றம் நடந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு குறித்த பிரதேசத்துக்கு ஒரு மருத்துவமாது. அங்குள்ள கர்ப்பிணிகளின் பெயர் அவளிடம் இருக்கும், அவர்கள் வீட்டுக்கு அவளே போவாள். இந்தச் சிறிய ஏற்பாடு நாடெங்கும் பரவியது. அதனுடன் மலேரியா ஒழிப்பும், யுத்தத்தின் பின் வந்த பெனிசிலினும், கிராமங்களை எட்டிய ஆஸ்பத்திரிகளும் சேர்ந்தன. 1930களில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய 2,000 தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். 1950 அளவில் அது 600க்குக் கீழே இறங்கியது. அண்மைக் காலத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் 40க்குக் கீழே நிற்கிறது. நம்மைவிடச் செல்வமுள்ள பல நாடுகள் வியந்து பார்த்த இறக்கம் இது.

இந்த இறக்கத்தில் மலையகத் தாய் கடைசியாகவே பங்கு பெற்றாள். தோட்டத்தின் சுகாதாரம் தோட்டத்தின் பொறுப்பு என்று விடப்பட்டிருந்ததால், கிராமத்துப் பாதையில் சைக்கிளில் வந்த அரசாங்க மருத்துவமாது தோட்டத்து வாசலோடு நின்றாள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கிய பின், அவர்களுக்காகக் கேட்க வாக்கும் இல்லை. 1970களின் முற்பகுதியில் உணவுப் பஞ்சம் வந்தபோது தோட்டங்களில் மரணங்கள் வெகுவாக உயர்ந்தன. மாவு பங்கீடு குறைந்த வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு எங்கிருந்து வரும்? காணிச் சீர்திருத்தத்தின் பின் தோட்டங்கள் அரசுடைமையாகி, அரசாங்கச் சுகாதாரச் சேவை மெல்ல மெல்ல உள்ளே வந்தது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்குமான திரிபோஷா, 1973இல் தொடங்கிய திட்டம், பின்னர் தோட்டத்துக் கிளினிக்குகளையும் எட்டியது.

விடுதியில் ஒரு மொழி

லயத்து அறையில் நடந்த பிரசவம் படிப்படியாகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ரத்தோட்டை, மாத்தளை போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் இடம் மாறியது. சிக்கலான பிரசவமென்றால் இன்னும் பதினாறு மைல் தாண்டிக் கண்டி. கொழுந்து லொறியில் ஏற்றி வந்த காலம் போய் அம்புலன்ஸ் வந்தது. இன்று நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன.

உயிர் காக்கும் விடயத்தில் இது பெரும் நன்மை. தாய் இறப்பதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று பிரசவத்தின் பின் உதிரம் நில்லாமல் போவது; அதிற் பெரும்பங்கு முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நிகழ்கிறது. அந்த நேரத்தில் ஊசி மருந்தும் இரத்தமும் வைத்தியரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். லயத்தில் அது நடவாது.

ஆனால் விடுதியில் லயத்துத் தாய் வேறொன்றை இழந்தாள். அவளைச் சூழ்ந்திருந்த பேச்சை இழந்தாள். மலையகத்து அரச வைத்தியசாலைகளில் நீண்ட காலம் தாதியரிற் பெரும்பாலானோர் சிங்களம் மட்டுமே பேசியவர்கள். பெரும்பாலும் நல்ல மனம் படைத்தவர்கள். இரவு பகல் பாராது உழைத்தவர்கள். இருந்தும் ‘லே வெடியென் யனவத?’ என்று, உதிரம் அதிகம் போகிறதா என்று, கேட்கும்போது அது விளங்காத பெண் என்ன செய்வாள்? தலையை ஆட்டுவாள். அந்தத் தலையசைப்புக்கு ஆம் என்றும் பொருள், இல்லை என்றும் பொருள், பயமாக இருக்கிறது என்றும் பொருள். தமிழே தெரிந்த தாதியிடங்கூட நம் பெண்கள் அதை நேராகச் சொல்வதில்லை. ‘தண்ணி கணக்கா போகுது மிஸ்’ என்பார்கள். அந்தச் சொல்லின் அவசரம் அதே பேச்சு வழக்கில் வளர்ந்த காதுக்கே உடனே எட்டும்.

பத்தியமும் அப்படித்தான். தாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சீம்பாலைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பது விடுதி சொல்லும் பாடம். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும், முதற்பாலைப் பீச்சி விட வேண்டும் என்பது பல வீடுகளில் மாமியார் சொன்ன பாடம். பார்வையாளர் நேரத்தில் பூண்டுக் குழம்பும் கருவாடும் கொத்தமல்லித் தண்ணீரும் வரும். எதை விடலாம், எதைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று எடுத்துச் சொல்ல, இரண்டு உலகையும் அறிந்த ஒருத்தி வேண்டும். ‘கருவாட்டுக் குழம்பு சாப்பிடுங்க அம்மா, நல்லது, தண்ணியை மட்டும் குறைக்காதீங்க’ என்று தமிழில் சொன்ன ஒரு தாதியின் பேச்சுக்கு, சுவரில் ஒட்டிய பத்துச் சுவரொட்டிகளைவிட வலு அதிகம்.

கையெழுத்தின் விலை

இதைவிடப் பாரதூரமான ஒன்றையும் வரலாறு பதிவு செய்ய வேண்டும். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. அந்தத் தொகை 500 ரூபாவரை உயர்ந்தது. அன்றைய தோட்டக் கூலியில் அது பல வாரச் சம்பளம். மலையகத் தமிழ்ப் பெண்களிடையே இச்சத்திரசிகிச்சை மற்றப் பகுதியினரைவிட அதிகமாக நடந்தது. இனிப் பிள்ளை வேண்டாம் என்று தாமே தீர்மானித்துச் செய்துகொண்டவர்கள் பலர். அது அவர்கள் உரிமை. ஆனால் பிரசவம் முடிந்து களைத்துக் கிடந்த நேரத்தில், தன்னால் வாசிக்க முடியாத மொழியில் இருந்த படிவத்தில் பெருவிரல் பதித்தவள் எதற்குச் சம்மதித்தாள் என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். அது இன்னமும் முழுமையாகப் பதிலளிக்கப்படாத கேள்வி.

தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் 1987இல் ஏற்றுக்கொண்டது. சட்டத்தில் ஏறிய சொல் கட்டில் அருகே வந்து சேர, அதைப் பேசும் ஆள் வேண்டும். 1912இல் ஒரு மாத ஓய்வுக்கு நேர்ந்ததே மொழி உரிமைக்கும் நேர்ந்தது: காகிதம் முன்னே போயிற்று, மனிதர் பின்னே வந்தனர்.

அந்த மனிதர் எங்கிருந்து வந்தார்கள்? நம்முடைய வகுப்பறைகள் போன்றவற்றிலிருந்துதான். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் அதற்கு வெளியிலேயே நின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்து அவை அரசாங்கத்தின் கீழ் வந்த பின்னரே, தோட்டத்துப் பெண்பிள்ளைகள் கணிசமான தொகையில் மாத்தளை நகருக்கு உயர்வகுப்புப் படிக்க இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒரு சிலர் வெள்ளைச் சீருடை அணிந்து, தமிழும் சிங்களமும் பேசியபடி அதே விடுதிகளுக்குத் திரும்பிப் போனார்கள். ஒரு விடுதியில் அப்படி ஒருத்தி கடமைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கட்டில்களில் என்ன மாறியது என்பதை எந்தப் புள்ளிவிபரமும் காட்டாது. அங்கே பிள்ளை பெற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்றைய நாற்பத்திரண்டு நாள்

இன்றைய நடைமுறையை வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளுக்காகச் சொல்லி வைப்போம். சாதாரணப் பிரசவமென்றால் தாய் ஓரிரு நாட்களில் வீடு திரும்புகிறாள். போகுமுன் குழந்தைக்குப் பி.சி.ஜி. ஊசி போட்டு, சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கையில் கொடுக்கிறார்கள். அது தமிழிலும் உண்டு. பின்னர் நாம் ‘மிட்வைஃப் மிஸ்’ என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வர வேண்டும்: முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு முறை, பதினான்காம் நாளுக்கும் இருபத்தோராம் நாளுக்கும் இடையில் ஒரு முறை, நாற்பத்திரண்டாம் நாளையொட்டி இன்னொரு முறை. உதிரப்போக்கு, காய்ச்சல், தையல், பால் கட்டுதல், குழந்தையின் தொப்புள், தாயின் மனநிலை எல்லாம் பார்ப்பது அவர் வேலை. காரணமின்றி அழும் தாயைப் ‘பேய் பிடித்தவள்’ என்று விட்டுவிடாமல், மனச்சோர்வு என்று கண்டு வைத்தியரிடம் அனுப்பும் அளவுக்கு நாம் வந்திருக்கிறோம்.

சட்டத்திலும் ஓர் அநீதி நீங்கியது. முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வார விடுமுறை, மூன்றாம் பிள்ளை முதல் ஆறு வாரம் என்று இருந்த வேற்றுமை 2018இன் திருத்தத்தால் எடுக்கப்பட்டது. மூன்றாவது பிள்ளையைப் பெற்ற உடம்பும் பச்சை உடம்புதான் என்பதைச் சட்டம் ஏற்கச் சில தலைமுறைகள் எடுத்தன.

எஞ்சியிருப்பது ஆள் பற்றாக்குறை. மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது கணக்கு. கிராமத்துச் சமதரையில் மூவாயிரம் பேரைப் பார்ப்பது வேறு. மழைக்காலத்தில் அட்டை கடிக்க, மலையேறி, டிவிசன் டிவிசனாக லயங்களைத் தேடிப் போவது வேறு. அந்தப் பாதையில் போகிறவருக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டுப் பயிற்சியுள்ள இந்த அரசாங்கப் பதவிக்குத் தமிழ்மொழி மூலம் விண்ணப்பிக்கத் தகுதியுள்ள மாணவியர் போதாமல் இருப்பதாகவே மலையகத்தில் தொடர்ந்து கேட்கிறோம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பெண்பிள்ளைகளின் தொகை கூடாமல் இக்குறை தீராது.

பழைய மாணவியருக்கு

ஆகையால் இம்மலரை வாசிக்கும் சகோதரிகளிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, உங்கள் தாயாரும் மாமியாரும் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எங்கே பிள்ளை பெற்றார்கள், யார் உடனிருந்தார்கள், எத்தனையாம் நாள் வேலைக்குத் திரும்பினார்கள், என்ன மருந்து அரைத்துக் குடித்தார்கள், ஆஸ்பத்திரியில் யார் என்ன மொழியில் பேசினார்கள். பழைய கர்ப்பிணி அட்டைகளும் பிள்ளைகளின் பதிவேடுகளும் அலுமாரியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். துரைமாரின் அறிக்கைகளில் நம் தாய்மார் எண்களாக மட்டுமே இருக்கிறார்கள். அவர்களுடைய பெயரும் சொல்லும் நம்மிடந்தான் இருக்கின்றன.

இரண்டாவது, சங்கத்தின் புலமைப்பரிசில்களில் ஒரு பங்கை, தாதியராகவும் குடும்பநல உத்தியோகத்தராகவும் விரும்பி விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் மாணவியருக்கு ஒதுக்குவோம். சிங்களமும் நன்றாகக் கற்க அவர்களுக்கு வகுப்பு ஒழுங்கு செய்வோம். வைத்தியராகும் பிள்ளைகளுக்கு மாலை போட நாம் தவறுவதில்லை. மலையேறிப் போய்ப் பச்சை உடம்புக்காரியின் கதவைத் தட்டி, ‘எப்படி இருக்கீங்க அம்மா, பிள்ளை பால் குடிக்குதா?’ என்று கேட்கப் போகிறவளுக்கும் இந்த நூற்றாண்டில் ஒரு மாலை போடுவோம்.